ஆறாவது பெயர்

சென் தெல்மார் தீவு
3 மார்ச் 2025

ஜெயனி அக்காவுக்கு,

மூன்று வருடமும் நாலு மாதமும் உங்களோடு கதைக்காமல் இருந்தவன் இப்போது எழுதுகிறான் என்றால், ஏதோ அலுவல் இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கும். ஒளிக்க ஒன்றுமில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விமானச் சட்டம் படிப்பிக்கிற ஆள் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். வேறு யாரிடமும் போக எனக்கு வழியில்லை.

என் கைத்தொலைபேசியையும் கணினியையும் விசாரணைக்கென்று எடுத்துவிட்டார்கள். அலுவலகத் தொலைபேசியில் கதைப்பதெல்லாம் பதிவாகும். அதனால்தான் கடிதம். இங்கே கிழமைக்கு ஒரு விமானம், செவ்வாய்க்கிழமை வரும். தபால் அதில்தான் போகும்.

நடந்தது இதுதான். இந்தத் தீவுக்கு இராணுவம் கிடையாது. நாற்பது பொலிஸ்காரர், ஒரேயொரு ஓடுபாதை, அதற்குப் பொறுப்பாகப் பகலில் நான். மொன்றியலில் டோர்வால் விமான நிலையத்தில் பத்து வருடம் பார்த்த அதே வேலை, பனி மட்டும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு நாடுகள் சண்டை பிடிக்கின்றன. விசாரணை முடியும்வரை அவற்றின் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று எனக்குக் கட்டளை. தான் நடுநிலை என்று தீவு போன செப்டெம்பரில் அறிவித்தது. அந்த அறிவித்தலை முனையத்தின் கதவில் ஒட்டினவனே நான்தான்.

பெப்ரவரி 20, மத்தியானம், சாம்பல் நிற இராணுவ விமானம் ஒன்று ஓர் என்ஜின் நின்றுபோய் இங்கே இறங்கியது. அந்த இரண்டு நாடுகளில் ஒன்றினுடையது. கப்டன் கீழே வந்து, ஐந்து பேர் என்று சொல்லிப் பெயர்களையும் தந்தார். சாப்பாடு எத்தனை, என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்க நான் படியில் ஏறினேன். ஏறு என்று யாரும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் ஆறாவதாக ஒருவன் இருந்தான். வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியால் அவன் கையைக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு பெயர் சொன்னான், பிறகு ஒரு சொல், பிறகு எட்டு இலக்கம். திரும்பவும் அதையே சொன்னான். மூன்றாம் தரம் சொல்ல முன்னம் கப்டன் வந்து என் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கீழே வந்து எழுதினேன். இராணுவ விமானத்துக்கென்று இங்கே உள்ள தாளில் கப்டனின் பெயருக்கும் விமானத்தின் இலக்கத்துக்கும்தான் இடம். ஆட்களின் பெயர் எழுத வரியே கிடையாது. அதனால் பயணிகள் விமானத்துக்கு நிரப்புகிற படிவத்தை, நாங்கள் ஜென்டெக் என்று சொல்வது, எடுத்து ஆறு பெயரையும் எழுதி முத்திரை குத்தினேன்.

இப்போது என்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு இராணுவ விமானத்தில் ஏறினேன். கப்டன் சொல்லாத ஆளைப் பதிந்தேன். நிரூபித்தால் வேலை போகும், ஆறு மாதம் உள்ளே இருக்கவும் வேண்டி வரலாம். விமானத்தைக் கொட்டகைக்குள் விட்டிருக்கிறார்கள். புது என்ஜின் ஏப்ரல் நடுவில் வரும், வந்ததும் பறந்துவிடும். அந்த ஆளும் கொட்டகைக்குள்தான் இருக்கிறான். எங்களை உள்ளே விடுவதில்லை.

ஏற எனக்கு அதிகாரம் இருந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

நிஷான்


லவால்
11 மார்ச் 2025

தம்பி நிஷான்,

கோழி கிளறின மாதிரி எழுதுகிற எழுத்து இன்னும் மாறவில்லை. மொன்மொரென்சியில் மெத்ரோ ஏறி, கடிதத்தை மூன்று தரம் வாசித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனையும் விட்டுவிட்டேன். வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் பிந்திப் போனேன். பிந்தி வருகிற பிள்ளைகளை நான் படுத்துகிற பாடு உனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு பெடியன் மணிக்கூட்டைப் பார்த்து, "பொன்ஷூர் மதாம்" என்று நீட்டிச் சொன்னான்.

கேட்டதற்குப் பதில். அதிகாரம் இல்லை. இராணுவ விமானம் எங்கே போய் நின்றாலும் அதன் அரசைச் சேர்ந்ததாகவே கணக்கு. பயணிகள் விமானத்துக்கு உள்ள விதிகள் அதற்கு இல்லை. இறங்க அனுமதி கொடுத்த நாடுகூட, கப்டன் அழைக்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. பொலிஸும் முடியாது, சுங்கமும் முடியாது, சாப்பாடு கேட்கப் போகிற நிஷானும் முடியாது. "தெரியாமல் ஏறிவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி விசாரணையை முடித்துவிடு. அப்படிச் சொன்னால் வேலையோடு போகும், சிறை வராது.

இவ்வளவையும் எழுதி உறையையும் ஒட்டினேன். பிறகு உரித்து இதை எழுதுகிறேன். ஏன் ஜென்டெக்? பத்து வருடம் டோர்வாலில் நின்றவன் இராணுவ விமானத்துக்கு அந்தப் படிவத்தை எடுப்பானா? என்னிடம் படிக்கிற முதலாம் வருடப் பிள்ளைகூட எடுக்காது. நகல் இருந்தால் இரண்டு பக்கமும் அனுப்பு.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கவில்லையே என்று கேட்டா. தீவில் லைன் பழுது என்று சொல்லியிருக்கிறேன். தவக்காலத்தில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்கா


சென் தெல்மார்
18 மார்ச் 2025

அக்கா,

நகல் இதோடு வருகிறது. சாப்பிடுகிறேன்.

உங்கள் முதலாம் வருடப் பிள்ளை 2008இல் ஊரில் அந்த பஸ்ஸில் இருந்திருந்தால் அதுவும் இந்தப் படிவத்தைத்தான் எடுத்திருக்கும். உங்களுக்கு அதை நான் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீங்கள் மொன்றியலில் இருந்தீர்கள். பிறகு நாங்கள் வந்து சேர்ந்தபோது கிறகரி அண்ணையைப் பற்றிக் கதை எடுத்தாலே அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா.

சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து ஆம்பிளைகள் எல்லாரையும் இறக்கினார்கள். அண்ணையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அண்ணையை மட்டும் ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். "நீ பஸ்ஸில ஏறி இரு, நான் வாறன்" என்றுதான் அண்ணை சொன்னார். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், பஸ் புறப்படப் போகிறது, அண்ணையைக் காணவில்லை. போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவன் பதிவுக் கொப்பியை என் பக்கம் திருப்பினான். இன்றைக்கு ஒருவரையும் மறிக்கவில்லை, நீயே பார் என்றான். பார்த்தேன். திகதி மட்டும் போட்டிருந்தது, கீழே வெறுமை. அதற்குப் பிறகு நானும் அம்மாவும் ஏறி இறங்கின அலுவலகங்களில் எல்லாம் அந்த வெறுங்கொப்பியைத்தான் எங்களுக்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

அதனால், பெயர் எழுத வரி இருக்கிற தாள் என் கைக்கு எட்டின இடத்தில் இருந்தது. எடுத்தேன். சரியான தாளா என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிழையான தாள் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

இனி நல்ல செய்தி. உங்கள் சட்டம் என்னைக் கைவிட்டாலும் இந்தத் தீவு கைவிடவில்லை. வெள்ளிக்கிழமை அமைச்சின் வழக்கறிஞர் வந்தா. நல்ல மனுசி, கோப்பி வாங்கித் தந்து கதைத்தா. என் படிவத்தை வைத்துப் பார்த்தால் அது பயணிகள் விமானமாகத்தான் வரவேற்கப்பட்டிருக்கிறது, ஆகவே அவசரமாக இறங்கிய சாதாரண விமானம் என்று அமைச்சு முடிவெடுக்கப் போகிறதாம். சாதாரண விமானம் என்றால் ஏறிப் பார்த்து ஆட்களை எண்ணுவது என் வேலை. இரண்டு குற்றச்சாட்டும் விழுந்துவிடும். "அதைச் சாதாரண விமானம் என்று நம்பியே படிவத்தை நிரப்பினேன்" என்று நான் ஒரு கடதாசியில் ஒப்பமிட வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் 10 வரை தவணை தந்திருக்கிறார்கள்.

ஒப்பமிடலாம்தானே? ஏனோ எனக்கு அந்தக் கோப்பி செமிக்கவில்லை. அதுதான் கேட்கிறேன்.

நிஷான்


லவால்
25 மார்ச் 2025

நிஷான்,

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு நான் அனுப்பியது சமாதான காலத்துச் சட்டம். சண்டை நடக்கிறது, தீவு நடுநிலை என்று அறிவித்திருக்கிறது, கதவில் ஒட்டினவனே நீதான் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தும் என் மண்டையில் ஏறவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் "பிழை உன்னில்தான்" என்று சொல்ல அவசரப்பட்டுவிட்டேன். இருபது வருடம் இதையே படிப்பிக்கிறவளுக்கு வெட்கம்.

இனிக் கவனமாக வாசி. சண்டை பிடிக்கிற நாட்டின் இராணுவ விமானம் நடுநிலை நாட்டில் இறங்கினால் கதை வேறு. அதைத் திரும்பப் பறக்கவிட அந்த நாட்டுக்கு உரிமையில்லை. விமானத்தையும் அதில் வந்த படையினரையும் சண்டை முடியும்வரை தடுத்து வைக்க வேண்டும். விட்டால் ஒரு பக்கத்துக்கு உதவி செய்ததாக ஆகும். 1923இல் இதை விதியாகவே எழுதினார்கள். எந்த நாடும் அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம், நடைமுறையில் நாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

இப்போது உன் படிவத்தின் ஆறாவது வரி. கடவுச்சீட்டு இலக்கம் கேட்கிற இடத்தில் அவன் சொன்ன எட்டு இலக்கத்தை எழுதியிருக்கிறாய். தொழில் கேட்கிற இடத்தில் அவன் சொன்ன சொல்லைக் கேட்டபடியே எழுதியிருக்கிறாய். அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அது ஒரு படைப்பதவி. விமானத்துக்குச் சொந்தமான நாட்டின் படையில் அப்படிப் பதவியே இல்லை, மற்ற நாட்டின் படையில்தான் இருக்கிறது. பெயர், பதவி, இலக்கம். பிறந்த திகதியைத் தவிர, பிடிபட்ட போர்வீரன் வாய் திறந்து சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவன் உன்னிடம் உதவி கேட்கவில்லை தம்பி. தான் போர்க்கைதி என்று உனக்குச் சொல்லியிருக்கிறான், அதுவும் இரண்டு தரம்.

அப்படியானவனுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. 1907ஆம் ஆண்டு உடன்படிக்கை, பதின்மூன்றாம் பிரிவு. ஒதுங்க வருகிற படை தன்னோடு போர்க்கைதியைக் கொண்டுவந்தால், நடுநிலை நாடு அந்தக் கைதியைச் சுதந்திரமாக விட வேண்டும். நிலத்தால் வருகிற படையை மனதில் வைத்து எழுதியது. வானத்தால் வந்தாலும் அதேதான் என்று நான் எந்த மன்றத்திலும் நின்று வாதாடுவேன்.

ஆனால் இதெல்லாம் அது இராணுவ விமானம் என்றால் மட்டும்தான். சாதாரண விமானம் என்று தீவு முடிவெடுத்தால் கைதியும் இல்லை, படையும் இல்லை. என்ஜினைப் பூட்டிக்கொண்டு ஆறு பேரும் போவார்கள். தீவு சின்னது, பெரிய நாட்டோடு கொழுவப் பயப்படுகிறது, அதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பயந்தவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அந்தச் சாட்டு உன் படிவம். அவன் காணாமல் போகக்கூடாது என்று நீ எழுதிய தாளை வைத்துத்தான் அவனைக் கொண்டுபோகப் போகிறார்கள். ஒப்பமிட்டால் நீ தப்புவாய். "இராணுவ விமானம் என்று தெரிந்தேதான் பிழையான படிவத்தில் எழுதினேன்" என்று சொன்னால் அவன் தப்ப வழி பிறக்கும், உன்மேல் பொய்ப் பத்திரம் எழுதிய குற்றம் வரும்.

எதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் என்ன என்று கேட்டாய், இதுதான் சட்டம்.

ஜெயனி


சென் தெல்மார்
1 ஏப்ரல் 2025

அக்கா,

எதைச் செய் என்று சொல்லமாட்டீர்களாம். 2021 நவம்பர் இரண்டாம் திகதி மட்டும் யாரையும் கேட்காமல் செய்தீர்கள்.

நான் அந்தக் கோவிலில் நாலாவது வரிசை வாங்கில் இருந்தேன். இறந்த ஆத்துமாக்களுக்காக ஃபாதர் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறார். அப்பாவின் பெயர் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். செபமாலை என்று வாசித்தார். அடுத்த பெயர் கிறகரி செபமாலை. பக்கத்தில் இருந்த அல்பேட் மாமா என் கையைப் பிடித்து, "எப்ப தம்பி தெரிய வந்தது?" என்று கேட்டார். என்ன சொல்வது? எங்கள் அக்கா ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தா, அதனால் இன்றைக்குச் செத்துப்போனார் என்றா?

அங்கே கொப்பியில் எழுதாமல் அண்ணையை இல்லாமல் ஆக்கினார்கள். நீங்கள் எழுதி இல்லாமல் ஆக்கினீர்கள். பூசை முடிய முன்னம் நான் எழும்பிப் போனது அதனால்தான். இந்தத் தீவுக்கு வந்ததும் அதனால்தான்.

இப்போது அந்த ஆளை நான் என்ன செய்வது என்று இரவு பகலாக யோசிக்கிறேன். உங்களுக்கு மட்டும் "இதுதான் சட்டம்" என்று எழுதிவிட்டு மெத்ரோ ஏற முடிகிறது.

நிஷான்


லவால்
7 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். அழுததைச் சொல்லாமல் விடுவதுதான் என் வழக்கம், இந்த முறை சொல்கிறேன்.

பெயரை எழுதிக் கொடுத்தது நான். கொடுக்கச் சொன்னது அம்மா.

வில்லரேயில் அந்த மூன்றாம் மாடி வீடு உனக்கு நினைவிருக்கும். வெளிப்படியில் ஐஸ் கட்டி அம்மா இரண்டு தரம் விழுந்தா. லவாலுக்கு என்னோடு வரச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை. கிறகரியைத் தேடிக் கொடுத்த விண்ணப்பம் எல்லாவற்றிலும் வில்லரே முகவரியைத்தான் எழுதியிருந்தா. வீடு மாறினால் அவன் எங்கே வருவான் என்று பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் படியில் ஏறி இறங்கினா. அந்த ஒக்டோபரில் ஒரு நாள், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு, நிமிராமல் என்னிடம் சொன்னா: "இந்த முறை அவன்ரை பேரையும் குடு பிள்ளை. இனி என்னால ஏலாது." நிஷானிடம் கேட்போமா என்றேன். வேண்டாம் என்றா. "அவன்தான் கூடப் போனவன். அம்மா கைவிட்டிட்டா எண்டு அவன் நினைக்கக்கூடாது. நீ செய்ததாய் இருக்கட்டும்." சரி என்றேன். ஃபாதர் வாசித்து நீ எழும்பிப் போனபோது அம்மா என் கையை விடவில்லை. அடுத்த மாதம் லவாலுக்கு வந்தா.

இதை உனக்கு எழுதியது அம்மாவுக்குத் தெரிந்தால் என்னோடு கதைக்கமாட்டா. மூன்று வருடம் நீ கதைக்கவில்லை, அதையும் தாங்கினேன், இதையும் தாங்குவேன்.

இனி நீ கேட்டது. சட்டம் படிப்பிக்கிறவளாகக் கேட்டால் உண்மையைச் சொல் என்பேன். உன் அக்காவாகக் கேட்டால், ஒப்பமிட்டுவிட்டு வா. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் காணவில்லை, உன் முகத்தைக் கண்டிருக்கிறேன். ஒரு தம்பியைக் கொடுத்தது போதும். இப்படி எழுதுவது எவ்வளவு பிழை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன், ஒப்பமிட்டுவிட்டு வா.

அக்கா


சென் தெல்மார்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் 15ஆம் திகதி வந்தது. நான் 9ஆம் திகதியே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். முந்தி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். நல்லவேளை, செவ்வாய்க்கிழமைதான் விமானம்.

அமைச்சின் வழக்கறிஞர் என்னை ஒப்பமிட வைக்க மேசையில் பேனையும் தயாராக வைத்திருந்தா. நான் அது இராணுவ விமானம் என்று தெரியும், சின்னத்தையும் இலக்கத்தையும் கண்டேன், பெயர் எழுத வேறு தாள் இல்லாததால் தெரிந்தே இந்தப் படிவத்தை எடுத்தேன் என்றேன். ஆறாவது வரியைக் காட்டி நீங்கள் எழுதியதை வரிக்கு வரி சொன்னேன். பதின்மூன்றாம் பிரிவையும் சொன்னேன். அவ எழுதுவதை நிற்பாட்டிவிட்டு, இப்படிச் சொன்னால் உனக்கு என்ன நடக்கும் என்று விளங்குகிறதா என்று கேட்டா. விளங்குது என்றேன். நான் சொன்னது முழுவதையும் எழுதி எடுத்தா. போகும்போது, இதை எழுத்தில் வைத்துக்கொண்டு இனி ஒருவரும் சாதாரண விமானம் என்று சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னா. அவவுக்கும் அந்தக் கோப்பி செமிக்கவில்லைப்போல.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பொலிஸ் கொட்டகைக்குப் போனது. ஒரு சண்டையும் இல்லை. கப்டன் தானே துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாராம். ஐந்து பேரையும் பழைய பள்ளிக்கூட விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள், சண்டை முடியும்வரை. ஆறாவது ஆளை விட்டுவிட்டார்கள். போக இடமில்லாததால் இப்போது என் அறையில்தான் படுக்கிறான். இருபத்தாறு வயது. குறட்டை விடுகிறான்.

என் விஷயம்: வேலை போய்விட்டது. வழக்குப் போடவில்லை. என் வாக்குமூலம் அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது, என்னைப் பொய்யன் என்று தண்டித்தால் அதுவும் கெட்டுப்போகும். மே 13ஆம் திகதி விமானத்தில் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஈஸ்டர் அன்று அவனுக்கு வீட்டுக்குக் கதைக்கத் தொலைபேசி கொடுத்தார்கள். தகப்பன் எடுத்திருக்கிறார். முதலில் நம்பவில்லை, ஆரோ ஏமாற்றுகிறான் என்று வைத்துவிட்டார். இரண்டாம் தரம்தான் நம்பினார். அவன் செத்துப்போனதாகப் பதினொரு மாதத்துக்கு முதலே செய்தி போயிருக்கிறது. அவர்கள் அழுது, சடங்கெல்லாம் செய்து, அவனுடைய உடுப்புகளையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அவன் அரைகுறைப் பிரெஞ்சில் இதை எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டும் இருந்தான், அழுதுகொண்டும் இருந்தான். நீ உயிரோடு இருக்கும்போதே செய்துவிட்டார்களே, கோபமில்லையா என்று கேட்டேன். உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவனிடம் கேட்டேன் அக்கா.

அவன் என்னை விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். "ஏன் கோபிக்க வேணும்? அங்கை கட்டுண்டு கிடக்கேக்குள்ள நான் கடவுளிட்டை கேட்டதே அதைத்தான். அவையள் நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது எண்டு."

அண்ணையும் எங்கேயோ அப்படிக் கேட்டிருப்பாரோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். என்னிடம் "நான் வாறன்" என்று சொன்னது என்னை பஸ்ஸில் ஏற்றத்தான் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும். நான்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருடம் நின்றேன், நிற்காதவர்கள் எல்லாரோடும் கோபித்தேன். அம்மாவிடம் ஒன்றும் கேட்கமாட்டேன், அவ நினைத்தபடியே இருக்கட்டும். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது நடந்ததை அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது.

உங்கள் தம்பி
நிஷான்


லவால்
29 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

மன்னிப்பு எல்லாம் கடிதத்தில் கேட்கிற ஆளா நீ? நேரில் வந்து கேள், ஒரு கிழமைக்கு என் கார்ப்பாதையைக் கூட்டிப் பெருக்கு, பிறகு யோசிக்கிறேன். பகிடிதான். உன் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். நான் ஒப்பமிட்டு வா என்று எழுதியதை நீ கிழித்துப் போட்டுவிடு. நீ என்னைவிட நல்லவன், அது எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மாவை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இறங்கியது, நீ ஏறியது, படிவம், கொட்டகை, வேலை போனது, அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கதைத்தது. நீ கேட்டபடி 2021ஐ மட்டும் விட்டுவிட்டேன். அழுவா என்று நினைத்துத் தண்ணீரும் பக்கத்தில் வைத்திருந்தேன். அழவில்லை. வேலை போனதைப் பற்றிக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தகப்பனோடு கதைத்ததை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னா. சொன்னேன். பிறகும் ஒரு தரம் கேட்டா.

அதன்பின் மற்ற ஐந்து பேரையும் பற்றிக் கேட்டா. சண்டை முடியும்வரை தீவிலேயே வைத்திருப்பார்கள் என்றேன். அவர்களுடைய வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றா. அது எனக்குத் தெரியாது, அவர்களுடைய அரசு சொல்லியிருக்கும் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இருபது வருடம் படிப்பித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. "அரசு எங்களுக்குச் சொன்னதோ பிள்ளை?"

நீ அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வரியை இரண்டு பேரும் நூறு தரம் பார்த்தோம். மேலே உள்ள ஐந்தையும் நாங்கள் ஒருதரமும் வாசிக்கவில்லை. பிளாஸ்டிக் பட்டியால் கட்டினவர்கள் என்பதோடு நான் அவர்களை விட்டுவிட்டேன்.

இது உன் கைக்கு வரும்போது நீ புறப்பட இன்னும் ஒரு கிழமை இருக்கும். அந்த விடுதிக்குப் போ. தடுத்து வைக்கப்பட்டவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதலாம், தடுத்தவர்கள் அதை அனுப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. அந்த வழக்கறிஞரிடம் நான் சொன்னதாகச் சொல்லு. மாட்டேன் என்று சொல்ல அவவால் முடியாது. எழுதத் தாளும் உறையும் நீயே வாங்கிக் கொடு. உன் தோளைப் பிடித்துத் தள்ளின கப்டனுக்கும் கொடு, அவருக்கு முதலில் கொடு.

"ஆர் பெத்த பிள்ளையளோ, உயிரோட இருக்கிறம் எண்டு ஒரு சொல் எழுதட்டும்," என்று அம்மா உனக்கு எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன்.

அக்கா